காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன், ஒரு சனிக்கிழமை, பிள்ளைப்பாக்கம் சமுதாயக் கூடத்தில் நடந்தது இது.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளைத் தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒன்றில் பீகார்க்காரர்கள் மூவர், இந்துக்கள். இன்னொன்றில் வங்காளம் பேசும் அசாம் முஸ்லிம் தம்பதி. வெளிமாநிலத்தவர் சரிபார்ப்பு முகாமுக்கு வீட்டுக்காரர்கள் பட்டியல் தர வேண்டும் என்றார்கள். படிவத்தில் பெயர், ஊர், வேலை, கடைசியில் குறிப்புரை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று எத்தனை எழுத்தர்களைக் கடிந்திருக்கிறேன்! யாரும் கேட்காமலே, குறிப்புரையில் ஒவ்வொருவரின் மதத்தையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

முகாமில் பீகார்க்காரர்களின் ஆதாரைப் பார்த்துவிட்டு உடனே அனுப்பிவிட்டார்கள். தம்பதியை மட்டும் தனி மேசைக்கு அழைத்தார்கள். பத்து விரல் ரேகை, இரண்டு கண், புகைப்படம். முடிவு வரும்வரை கணவர் தொழிற்சாலைக்குள் போவதற்கான கேட் பாஸும் நிறுத்திவைக்கப்படுமாம்.

"பக்கத்து ரூம் ஆளுங்க போயாச்சு. நாங்க மட்டும் ஏன் அங்கிள்?" என்று கணவர் கேட்டார்.

நான் விறைப்பாகப் போய், இவர்களிடம் மட்டும் ரேகை எடுக்கச் சொன்ன ஆணையின் நகலைக் கேட்டேன்.

"வாய்மொழி உத்தரவு சார், உங்களுக்குத் தெரியாததா?" என்ற ஊழியர், என் பட்டியலை என் பக்கம் திருப்பினார். "இன்னா சார், நீங்களே பிரிச்சு எழுதிக் குடுத்துட்டு, நீங்களே வந்து ஏன்னு கேட்டுகினு கீறீங்க?"

தாளைத் திருப்பிக் கேட்டேன். "நம்பர் போட்டாச்சு சார்." எண் போட்ட தாள் வெளியே போகாது. அதுவும் நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

மனைவியின் ரேகையைக் கருவி இரண்டு முறை ஏற்கவில்லை. கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் கருவியில் அழுத்தினார்.

திரும்பும் வழியில் என் தவறை அவரிடம் சொன்னேன்.  "நீங்க எழுதலைன்னாலும் பேரைப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பாங்க அங்கிள்" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான், சொன்னவர் அவர்.

இரண்டு வாரம் வேலையில்லாமல் இருந்தபின் அவருக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. ரேகைகள் யாரிடம், எதற்காக இருக்கின்றன என்று கேட்டு மனு போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை எத்தனை பேருக்கு எழுதியவன் நான்! அதன் பொருள் தெரிந்தும் மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புகிறேன். அவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக அந்தத் தாளில் இருக்கும் என் கையெழுத்து அழிந்துவிடாதே.