கரணையில் விழுந்த ஈரம்

மாங்கேணியில் மீனுக்கு ஐஸ் அரைக்கும் இயந்திரம் அண்ணனின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. சிறு வயதில் அவனும் தங்கையான நானும் ஒரே ஆசிரியரிடம் மிருதங்கம் பழகினோம். ஆனால் வீட்டில் இருந்தது ஒன்றுதான், மேடையெல்லாம் அவனுக்கு. கை போன பிறகு அதை எனக்குத் தரும்படி கேட்டேன். "எடு" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

நான் வாசிக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வரும்: "தகரத்தில தட்டுற மாதிரி இரிக்கி." அம்மா சிரிப்பாள்.

புளியந்தீவில் ஒரு பெண்ணின் நடன அரங்கேற்றத்துக்கு என்னை அழைத்தார்கள். எனக்கு அதுதான் முதல் மேடை. அன்று காலை மிருதங்கத்தை அண்ணனே உறையில் போட்டுக் கட்டித் தந்தான். மனம் இளகிவிட்டது என்று நினைத்து, பஸ்ஸில் சந்தோஷமாகப் போனேன்.

மண்டபத்தில் உறையைக் கழற்றினேன். வலப்பக்கத் தோலின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தின் மேல் நனைந்த லேஞ்சித் துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கறுப்புதான் கரணை. கல்லுப் பொடியையும் சோற்றையும் பிசைந்து, படை படையாகத் தேய்த்து இறுக்கியது. மிருதங்கத்தின் குரலே அதுதான். ஈரம் ஊறினால் சோறு விட்டுவிடும். விரலால் தொட்டேன். சேறாகக் கழன்று வந்தது.

ஒப்பனையோடு நின்ற பெண் அழத் தொடங்கினாள். அவளுடைய ஆசிரியை என்னிடம், "நீங்க கீழ போய் இருங்க, தங்கச்சி" என்றார். மிருதங்கம் இல்லாமலே அந்தப் பிள்ளை ஆடியது. கறுத்த விரல்களோடு கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன்.

வீடு திரும்பியபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீதானே செஞ்ச?"

"ஓம், நான்தான். இப்ப என்ன?"

நான் கத்தினேன். அம்மா குறுக்கே வந்தாள். "சும்மா இரிகா. அவனுக்குக் கை இல்ல. உனக்கு இரிக்கிதானே?"

"கையைக் கழுவிட்டுக் குழம்பு ஊத்து" என்றான் அவன்.

அந்தக் கிழமையே வீட்டை விட்டு வெளியேறினேன். இப்போது நகரத்தில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது அண்ணன் தானாகவே பேச்சுக் கொடுத்தான். "புது மிருதங்கம் வாங்கினியாம். எப்படிச் சத்தம்?"

"நல்ல சத்தம். நீ ஒரு நாளும் அப்படி வாசிச்சதில்ல" என்றேன்.

அவன் முகம் சுருங்கியதை நிதானமாகப் பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.