என் கையால் புகட்டிய இரண்டு மருந்துகள்

மூன்று வயதில் டீ கொட்டி வெந்ததில், என் மகளின் வலது கை விரல்கள் தழும்பு இழுத்து உள்ளங்கையோடு மடங்கிவிட்டன. நிமிர்த்த மூன்று ஆபரேஷன் வேண்டும் என்றார்கள் தாம்பரம் ஆஸ்பத்திரியில். ஒவ்வொன்றுக்கும் முன்னால், குழந்தை பயப்படாமல் உள்ளே போவதற்காக, வாய்வழியாக ஒரு மருந்து கொடுப்பார்கள்.

முதல் முறை மிடசோலம் சிரப். செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு நானே புகட்டினேன். 7.32க்குக் காரணமில்லாமல் சிரித்தாள். 7.40க்கு நர்ஸின் தோளுக்குத் தானாகவே தாவினாள். ஆனால் ஆபரேஷன் முடிந்து விழித்ததும் ஐம்பது நிமிடம் வீரிட்டாள். எங்களை அடையாளம் தெரியவில்லை. அம்மாவையே எட்டி உதைத்தாள். இரும்புலியூரில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கேட்டால், மருந்து குடித்ததற்கு அப்புறம் நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை.

இரண்டாவது முறை, இதெல்லாம் எழுதியிருந்த டைரிப் பக்கத்தை மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

“நிமிஷக் கணக்கா எழுதியிருக்கீங்களே சார்! எங்க நர்ஸுங்ககூட இப்படி எழுத மாட்டாங்க.”

“இந்த அழுகை மட்டும் வேணாம் மேடம்.”

“அப்ப வேற ஒண்ணு கொடுக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கற மருந்துதான். வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். எழுந்திருக்கும்போது அமைதியா இருப்பா. ஆனா முன்ன மாதிரி மறந்து போகாது. பரவாயில்லையா?”

மனைவி ஏதோ சொல்ல வந்தாள். கையமர்த்தினேன். நாள் தவறாமல் டைரி எழுதுகிறவனுக்கு மறதி ஒரு குறையாகத்தான் தெரியும்.

“அது நல்லதுதானே மேடம்,” என்றேன்.

6.15க்குப் புகட்டினேன். 7.30க்கு என் தோளில் தூங்கிவிட்டாள். தியேட்டர் வாசலில் நர்ஸிடம் கை மாற்றும்போது கண் திறந்தாள். அழவில்லை, அழும் தெம்பை அந்த மருந்து விட்டுவைக்கவில்லை. இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நான்தான் விடுவித்தேன். விழித்தபோது சத்தமே இல்லை. ‘முதலாவதைவிட இது மேல்’ என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து அவளுக்குச் சளி. இருமல் மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டு போனேன். சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“நீ குடுக்காத.”

“இருமல் மருந்துடா கண்ணு.”

“அன்னிக்கு நான் உன் சட்டையப் பிடிச்சேன்ல? நீ பிச்சு விட்டுட்ட.”

அதன் பிறகு என் கையால் தண்ணீர்கூட அவள் வாங்குவதில்லை.

மூன்றாவது ஆபரேஷன் நெருங்கியபோது, பழைய சிரப்பையே கொடுக்கும்படி டாக்டரம்மாவிடம் கேட்டேன். போன தடவை நடந்ததும் அதில் மறந்துவிடுமா என்றேன்.

“இல்ல சார். குடிச்சதுக்கு அப்புறம் நடக்கறதுதான் மறக்கும். அதுக்கு முன்ன நடந்தது அப்படியே இருக்கும்.”

அன்று காலை மனைவி சிரப்போடு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் குழந்தை வாயைத் திறக்கவில்லை.

“அப்பா போகட்டும், குடிக்கிறேன்,” என்றாள்.

படி இறங்கி, கீழே பார்மசி வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து மனைவி போன் செய்தாள்.

“குடிச்சிட்டா. சிரிக்கிறா. நீங்க மேல வராதீங்க.”