மூன்று பத்துக்குக் காலியாகும் வாளி

நம்பாவிட்டால் போங்கள், ஆனால் இது நடந்தது. அதுவும் நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். எங்கள் பூட்டுக்காரருக்கு.

ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிடும் மனிதருக்கு, தன் வீட்டுக் கூடத்தில் கூரை ஒழுகுவதை அடைக்க மட்டும் ஏழு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. "மழை விடட்டும், கொத்தனாரைக் கூட்டிட்டு வரேன்" என்பார். மழை விட்டால் ஒழுகல் மறந்துபோகும். மனைவிதான் வாளி வைப்பாள். பிற்பகல் மூன்று மணி வாக்கில் அது நிரம்பும். தூக்கிக் கொட்டி, தரையைத் துடைத்து, துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போடுவாள். நான்கு மாதத்துக்கு முன் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை; போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுபடி மழைக்காலம். காலையில் வாளியை வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். கூடம் குளமாகியிருக்கும் என்று நினைத்துத்தான் மாலையில் கதவைத் திறந்தார். தரை காய்ந்திருந்தது. வாளி காலி. ஜன்னல் கம்பியில் ஈரத்துணி... தொடர்ந்து மூன்று நாள் இப்படியே. வீட்டுக்கு ஒரே சாவி. அது அவர் இடுப்பில்.

நாலாம் நாளும் மழை. அவர் கடைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். சொட்... சொட்... சொட்...

மூன்று பத்து. வாளியின் பிடி கிறீச்சிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

குளியலறையில் சளாரென்று தண்ணீர் கொட்டியது.

ஈரக்கால் நடை. அருகில் வந்து... நின்றது.

"நீயா?"

துணி பிழியும் சத்தம் மட்டும். பயத்தைவிட வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

"போதும்மா. இனிமே நீ தூக்காதே. நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வரேன்."

சொன்னபடி செய்தார். கொத்தனார் வந்து வெடிப்பை அடைத்தார். அடுத்த இரண்டு நாள் கொட்டித் தீர்த்த மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் பரணில் போட்டார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. வந்தவளை நானே துரத்திவிட்டேனே என்று அன்றுதான் வாய்விட்டு அழுதார்.

மூன்றாம் நாள் நல்ல வெயில். மாலையில் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தார்.

கூடத்தின் நடுவில் வாளி. விளிம்பு வரை தண்ணீர்.

பக்கத்து வீட்டு அம்மா காலிப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா அண்ணே? காலையிலேர்ந்து தெரு முழுக்க ஒரு குழாயிலயும் சொட்டு வரல. உங்க வீட்ல மட்டும் மூணு மணியிலேர்ந்து யாரோ ரொப்பறதும் கொட்டறதுமா இருந்தாங்களே... யாரு வந்திருக்கா?"

பூட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். கடையை அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை.