பல்லில்லாத வாய்க்குக் கிராக்கி

பல் மருத்துவக் கல்லூரியில் உதவியாளன் வேலை என்பது, ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நம் வாயை மூடிக்கொள்வது. முதல் பாதிதான் எனக்கு வந்தது.

சிதம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, காலனியிலிருந்து வரும் நோயாளிகளுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள். துண்டறிக்கை அடித்தேன்; பெஞ்சு போயிற்று. இரண்டாவது, அவர்கள் உட்காரும் பக்கத்து மின்விசிறியைக் கழற்றினார்கள். வாசலில் உட்கார்ந்தோம், விசிறி வந்தது. மூன்றாவது, நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, நாற்காலி எண்தான் என்றார்கள். மனு மேல் மனு கொடுத்தேன். வரிசையில் நின்று கால் தேய்ந்த உங்களுக்குத் தெரியும், மனு என்ன ஆகும் என்று.

ஆறு நடை

குமராட்சியில் நடவு வேலை செய்யும் அஞ்சலைக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வாயில் ஒரு பல்லும் இல்லை. "சொத்தைய அடைச்சிருக்கலாமே, எல்லாத்தையும் ஏன் புடுங்கிக்கிட்டீங்க?" என்று பெரிய டாக்டர் மாணவர்கள் முன்னால் கேட்டார். சோம்பேறி என்ற தீர்ப்பு அந்தக் குரலிலேயே இருந்தது.

அஞ்சலை சொன்னார்: "அடைக்க ஆறு நடை வரச் சொன்னாங்க சார். புடுங்க ஒரே நடை. நடவு நேரத்துல ஆறு நாளு எவன் வுடுவான்?"

மாப்பிள்ளை மரியாதை

இறுதியாண்டுத் தேர்வில் பல்செட்டுக்கு அச்சு எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பல்லே இல்லாத ஒருவரை மாணவரே தேடி அழைத்துவர வேண்டும். ஆள் வராவிட்டால் ஃபெயில். ஆகவே தேர்வு நெருங்கினால் பல்லில்லாதவர்களுக்கு மாப்பிள்ளை மரியாதை. வசதியுள்ள மாணவர்கள் வாசலுக்கே கார் அனுப்புவார்கள்.

கலைச்செல்வி, சேத்தியாத்தோப்பில் கரும்பு வெட்டுகிறவர் மகள். போன தடவை ஆள் வராமலே ஃபெயில். இந்தத் தடவையும் போனால் படிப்பு நின்றுவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை மினிபஸ்ஸில் குமராட்சிக்குப் போய் அஞ்சலையைக் கேட்டாள்.

"நடவு இருந்தாலும் வரேன் பாப்பா. ஒனக்குப் பாஸு, எனக்குப் பல்லு. ஜாஸ்தி ஒண்ணும் கேக்கல" என்றாராம் அஞ்சலை.

நாலாம் நாற்காலி

தேர்வன்று காலை குமராட்சி பஸ் நிறுத்தத்தில் ஒரு கார் வந்து நின்றது. "காலேஜ் வண்டிம்மா, ஏறுங்க" என்றான் டிரைவர். கலைச்செல்வி அனுப்பியது என்று நம்பி அஞ்சலை ஏறிவிட்டார். அவரை உட்கார வைத்தது காருக்குச் சொந்தக்காரனான மாணவனின் நாலாம் நாற்காலியில். எல்லா மாணவருக்கும் முகக்கவசம், தொப்பி. எந்த முகம் யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கலைச்செல்விக்குக் கொடுத்த ஒன்பதாம் நாற்காலி காலி. பக்கத்தில் நின்றவள், நாலில் இருந்த அஞ்சலையைப் பார்த்துவிட்டாள். தேர்வாளரிடம் எடுத்துச் சொல் என்றேன்.

"வேணாம்ணா. சண்டைன்னு வந்தா அவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க, என்னத்தான் வெளிய அனுப்புவாங்க."

சீட்டில் இருந்தது

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஒன்பதாம் நாற்காலி நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. கலைச்செல்வி முன்பே பதிந்து வைத்திருந்த நோயாளிச் சீட்டை நான் எடுத்தேன். இரண்டு தேர்வாளர்களும் இருபது மாணவர்களும் சாட்சியாக உரக்கப் படித்தேன்: "அஞ்சலை, குமராட்சி. மாணவி கலைச்செல்வி."

நாலாம் நாற்காலியிலிருந்து அஞ்சலை எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு நடந்துபோய் ஒன்பதில் உட்கார்ந்தார். தேர்வாளர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஆரம்பிம்மா" என்றார் கலைச்செல்வியிடம்.

அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னார்: "மொதல்லயே பேரச் சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல."

நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. அதில் என் பெயர் இல்லை, பணியாளர் எண் மட்டும் இருந்தது.