மாப்பிள்ளை பார்க்கப் போன அஸ்மத்தக்காவை மிஷின் பார்த்த கதை

அஸ்மத்துன்னிசா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் அப்பா வாயிலிருந்து. அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில் இருந்தோம். மயிலாப்பூரிலிருந்து எனக்கு ஓர் இடம் வந்திருந்தது. அப்பாவின் சித்தி மகள் புஷ்பத்தை மந்தைவெளியில் கொடுத்திருந்தார்கள். அவள்தான், "கச்சேரி ரோட்டு அஸ்மத்துன்னிசாவை ஒரு வார்த்தை கேட்டுடு அண்ணே. பையனை அவங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும்" என்று அனுப்பினாள். அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்: "பையன் தங்கமாம். தூக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாம்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் வீட்டுக்காரர் மணவறையிலேயே கொட்டாவி விட்டார்.

நான் கல்யாணமாகி வந்த பிறகு அஸ்மத்தக்கா எனக்கு அடுத்த சந்துக்காரர். புடவைக்கு ஃபால்ஸ் அடித்துப் பிழைத்தார். மாப்பிள்ளை விசாரிக்கப் போவது தெருவுக்காகச் செய்வது. எங்கள் ஜனம், அவர்கள் ஜனம் என்ற பேதமெல்லாம் கிடையாது. பையன் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு பையோடு போய் ஓரமாக நிற்பார். அவனுக்குத் தெரியாமல் பார்ப்பார். டீக்கடைக்காரரிடம் எப்படிப் பேசுகிறான், அம்மா போன் பண்ணினால் எந்தக் குரலில் எடுக்கிறான், எல்லாம் பார்ப்பார்.

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு எல்லாப் பையனும் நல்ல பையன்தான்டி. யாரும் பாக்காதப்போ எப்படி கீறான்னு பாக்கணும்" என்பார்.

அவருக்குக் குழந்தை இல்லை. தங்கை பிரசவத்தில் போய்விட, அந்தக் குழந்தை ஜுவேரியாவை எடுத்து வளர்த்தார். அவர்கள் வீட்டில் பெரியம்மாவைக் காலா என்பார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். வளர்ந்து, படித்து, அடையாறில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கும் போனாள். போன வருஷம் அவளுக்குச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் பெயர் முதஸ்ஸிர். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கேமரா ரூமில் வேலை. போட்டோவை வாங்கிப் பார்த்த ஜுவேரியா அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

பையனின் அம்மா சகினாவை நினைத்தால்தான் பயம். அதற்கு முன்பு ஒரு பெண் வீட்டார் கடையில் போய் விசாரித்தது தெரிந்து, "என் பையன் இன்னா சந்தையில கட்டின மாடா, பல்லைப் புடிச்சுப் பாக்க?" என்று அந்தச் சம்பந்தத்தையே முறித்துவிட்டவர்.

"காலா, நீ போவாதே. மாட்டிக்கினா எல்லாம் போச்சு" என்றாள் ஜுவேரியா.

"ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் பாத்துட்டு, உனக்கு மட்டும் பாக்காம குடுத்துடுவேனா? மாட்டற ஆளா நான்?" என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேமரா ரூம் இரண்டாவது மாடியில், புடவைப் பிரிவின் மூலையில், கண்ணாடிக் கதவோடு இருந்தது. அக்கா ஒரு புடவையைத் தொடுவார். கண் கண்ணாடிக் கதவில் இருக்கும். படி இறங்கிப் போவார், திரும்பி வருவார். ஒரே ஆள் வருவது தெரியக்கூடாது என்று பையில் வேறு வேறு துப்பட்டா வைத்திருந்தார். பச்சையில் போய் ஊதாவில் வந்தார். ஊதாவில் போய்க் கறுப்பில் வந்தார். அரை நாள் அப்படியே ஓடியது.

அந்தக் கடையில் புதிதாக ஒரு மிஷின் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. கேமராவில் தெரிகிற ஆட்களின் நடையையும் பார்வையையும் வைத்து, யார் திருடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுமாம். அக்கா தலையைச் சுற்றி அது சிவப்புக் கட்டம் போட்டுவிட்டது. கட்டத்தைப் பார்த்து வாக்கி டாக்கியில் வாட்ச்மேனுக்குச் சொன்னவன் முதஸ்ஸிரேதான்.

வாட்ச்மேன் கனகராஜ் வந்து நின்றார். "பாயம்மா, கொஞ்சம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

"நான் இன்னா எடுத்தேன்?"

"இன்னும் எடுக்கல. எடுக்கப் போறீங்கன்னு மிஷின் சொல்து."

"எடுக்கப் போறேன்னு எனக்கே தெரியாது நைனா, அதுக்கு எப்படித் தெரியும்?"

பையில் இன்னும் இரண்டு துப்பட்டாவைப் பார்த்ததும் கனகராஜுக்குச் சந்தேகம் கூடிப்போனது. மேனேஜர் பாலகணேஷ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "இவுக மூஞ்சிய மிஷின்ல ஏத்திருங்க. எந்தக் கிளைக்குப் போனாலும் மணி அடிக்கட்டும்" என்றார். பிறகு அக்காவிடம், "வீட்டு நம்பரைக் குடுங்கம்மா, ஆள வரச் சொல்லுதேன்" என்றார்.

உண்மையைச் சொன்னால் திருட்டுப் பேர் போய்விடும். கல்யாணமும் சேர்ந்து போய்விடும். அக்கா வாயைத் திறக்கவில்லை. சரி, ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டட்டும் என்று மேனேஜர் முதஸ்ஸிரையே கூப்பிட்டார். அக்கா துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

முதஸ்ஸிர் ஓட்டிக் காட்டினான். ஒரு தடவை பார்த்தான். மறுபடியும் ஓட்டினான். அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

"சார், இவங்க புடவையையே பாக்கல."

"பொறவு எத பாத்தாக?"

"என்னைத்தான் பாத்திருக்காங்க சார். எங்க வீட்டுல எனக்குப் பொண்ணு பாக்கறாங்க."

கனகராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். பாலகணேஷ் தொடையில் தட்டிக்கொண்டார். "எங்க மாமனாரும் இப்படித்தாம்மா! எங்க கடைக்கு வந்து வேட்டி வேட்டியா எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணும் வாங்காமப் போனாரு. யாரோ கிறுக்கன்னு நெனச்சேன். பொண்ணு பாக்கப் போனா நடு வீட்டுல அவருதான் உக்காந்திருக்காரு!" மூஞ்சியை ஏற்ற வேண்டாம் என்று சொல்லி, காப்பி வரவழைத்தார்.

கீழே வரை கொண்டுவிட வந்த முதஸ்ஸிரிடம், தான் ஜுவேரியாவின் காலா என்று சொல்லி அக்கா கெஞ்சினார். "பேட்டா, உங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

"அம்மாகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல காலா" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் சாயங்காலம் சகினா ஆட்டோவில் வந்து இறங்கினார். அக்கா துணைக்குக் கூப்பிட்டதால் நானும் அங்கே இருந்தேன். ஜுவேரியா திரைக்குப் பின்னால் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் பையனை ஒளிஞ்சு நின்னு பாத்தீங்களாமே?"

"பாத்தேன்."

"இன்னா தைரியம் உங்களுக்கு?"

"தைரியம் எங்க வந்தது? வளத்த பொண்ணு. பயந்துக்கினுதான் போனேன்."

சகினா தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. இன்னா கண்டீங்க?"

நல்லதை மட்டும் சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அஸ்மத்தக்காவுக்குப் பாதி சொல்லத் தெரியாது.

"நல்ல பையன். டிபன் பாக்ஸைத் தொறந்தா, கூட்டற அம்மாவுக்கு எடுத்து வச்சுட்டுத்தான் தான் சாப்புடறான். ஆனா கோவம் வந்தா வாயத் தொறக்க மாட்டான். கூட வேலை செய்யறவன்கிட்ட ஏதோ தகராறு, மூஞ்சியைத் திருப்பிக்கினு அப்படியே ஒக்காந்திருந்தான். இவ ஓயாம பேசறவ. அதான் எனக்கு யோசனையா கீது."

எனக்கு அக்காவைக் கிள்ளலாம் போல இருந்தது. சகினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அப்படியே அவங்க அப்பா! அந்த மனுஷன் ஒரு ரம்ஜான் மாசம் முழுக்க எங்கிட்ட பேசல. ஏன்னு இன்னி வரைக்கும் தெரியாது."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"நான் பேசிக்கினே இருந்தேன்."

"அது எனக்கு நல்லா வரும்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஜுவேரியா சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். சகினா திரையை விலக்கி அவளை வெளியே இழுத்து, கன்னத்தைத் தடவினார்.

போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "உங்களைப் போய் திருடின்னு சொல்லிச்சாமே அந்த மிஷின்?"

"அதுவும் என்னை மாதிரிதான் பாத்துச் சொல்து. நான் தப்பா சொன்னா வீடு தேடி வந்து திட்டலாம், நீங்க வந்த மாதிரி. அதை எங்க போய்த் திட்றது?"

நிக்காஹ் நடந்த அன்று பாலகணேஷும் கனகராஜும் ஒரே வண்டியில் வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். பிறகு முதஸ்ஸிருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அஸ்மத்தக்கா இப்போது ஜுவேரியாவோடும் முதஸ்ஸிரோடும் ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு பட்டறைக்கு மேல் இருக்கும் மாடி வீட்டில் இருக்கிறார்.