எண்ணெய் கேட்காத புஷ்

பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசக் கடையநல்லூர் போன இடத்தில், சம்பந்தி வீட்டார் நிக்காஹ் தேதியைப் பேசிக்கொண்டிருக்க, மசூது எழுந்துபோய் அவர்கள் கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மடியில் எப்போதும் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி. சைக்கிள் சங்கிலி, பள்ளிவாசல் கேட், குதிரைவண்டி அச்சு, எது கீச்சிட்டாலும் அவருக்குப் பொறுக்காது. “வாயில்லாத சாமான். நாமளா பாத்து விட்டாத்தான் உண்டு” என்பார்.

தென்காசி ரயிலடிப் பக்கம் ஐஸ் கம்பெனியில் அவர் பிட்டர். பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு விசிறி ஓயாமல் சுற்ற வேண்டும். நின்றால் ஐஸ் உறையாது. அந்தக் குளிரில் கிரீஸ் மெழுகாய் இறுகிவிடும். விசிறித் தண்டைத் தாங்கும் பித்தளை வளையம், புஷ், உராய்ந்து உராய்ந்து மாதத்துக்கு ஒன்றாய்த் தேயும்.

போன வருஷம் முதலாளி வல்லிநாயகம் மதராஸிலிருந்து இரண்டு கறுப்பு புஷ் தருவித்தார். நைலானோடு பென்சில் கரியைக் கலந்து வார்த்தவை.

“இதுக்கு எண்ணெ கூடாது வே. வழுவழுப்பு அதுக்குள்ளயே இருக்காம்.”

மசூது தலையாட்டினார். ஆனால் மாட்டிய ஒன்றுக்குள் தண்டு வெறுமனே காய்ந்து சுற்றுவதை அவரால் தாங்க முடியவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு சொட்டு; மறுநாள் இன்னொரு சொட்டு.

குற்றாலம் சீசன் மும்முரத்தில் விசிறி நின்றது. கேரளத்திலிருந்து புளியறை வழி வந்த மீன் லாரிகள் ஐஸுக்காக வாசலில் நாறிக்கொண்டு நின்றன. கழற்றிப் பார்த்தால், எண்ணெய் குளிரில் பசையாகித் துருப்பொடியைப் பிடித்துவைத்து, உப்புத்தாள்போல் புஷ்ஷை அரித்துத் தின்றிருந்தது.

வல்லிநாயகம் கொதித்தார். “வித்தவன் ஏமாத்திட்டாம் வே. இன்னொண்ண அவன் மூஞ்சிலயே வீசுதேன்.”

மசூது வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“அவம்மேல தப்பில்ல மொதலாளி. பாவமேன்னு நாந்தான் எண்ணெ விட்டேன்.”

முதலாளி விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குள் போனார். வேலை போயிற்று என்றே மசூது நினைத்தார். பிறகு மற்ற புஷ் அவர் கைக்கு வந்தது.

“இதையாவது உசுரோட விட்டுவையும்.”

விட்டுவைத்தார். இன்றுவரை அதற்குள் தண்டு சொட்டு எண்ணெயில்லாமல் சுற்றுகிறது. தண்டில் கரிப்பூச்சு கண்ணாடியாய் மின்னுகிறது. மசூதுக்குத்தான் நிம்மதியில்லை.

“என்ன, சோத்த அளஞ்சிக்கிட்டே இருக்கிய?” என்று மனைவி ஹைருன் பீவி கேட்டாள்.

“அந்தக் கறுப்பு புஷ்ஷு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது புள்ள. அதான் ஒரு மாதிரி இருக்கு.”

தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் நிற்கிறார். தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல், பனி பூத்த மூடிமேல் புறங்கையை வைக்கிறார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நகர்கிறார்.