பெரிய 'ள' மாமியார்

"மூணு சுழி போட்டு வெச்சிருக்கான் பாரு. ரெண்டு போதாதா இவனுக்கு?" என்று தாளிடம் கேட்டுக்கொண்டே மரக்கோலை அடுத்த வரிக்கு இறக்குகிறார் சுழியக்கா. கோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க மாட்டார். பார்த்தால் கதைக்குள் போய்விடுவாராம். கதைக்குள் போனவள் கண்ணுக்குப் பிழை தெரியாதாம்.

எங்கள் வார இதழில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறார். மேசை மேல் தண்ணீர் வைக்க யாரையும் விட மாட்டார். பாட்டில் நாற்காலிக்கு அடியில்தான். மின்விசிறியை அணைத்துவிடுவார், தாள் பறக்கும். ஆட்களையும் எழுத்தாலேயே எடை போடுவார். "அவரு ஒற்றெழுத்து இல்லாத மனுஷன், யார்கூடவும் சேர மாட்டாரு" என்று அவர் சொன்னது எங்கள் ஆசிரியரைப் பற்றி. அது ஆசிரியர் காதுக்கும் போனது. மறுக்கவில்லை.

அவர் போடும் திருத்தக் குறி கண்ணுக்கே தெரியாது, பென்சில் தாளில் பட்டும் படாமலும் போகும். தட்டச்சு செய்கிற பெண் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படிப்பாள். "கொஞ்சம் அழுத்திப் போடுங்கக்கா" என்றால், "எழுதினவங்களுக்கு வலிக்கும்மா" என்பார்.

எழுதினவன் நான்தான். இந்த இதழில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். மூன்று மருமகள்களை ஆட்டிவைக்கும் எண்பத்தோரு வயது மாமியாரின் கதையைத் தொடங்கியபோது, அவளுக்கு நித்யா என்று பெயர் வைத்தேன். தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் மெல்லியதாக ஒரு கேள்விக்குறி. சண்டைக்குப் போனேன்.

"இதுல எழுத்துப் பிழை எங்கக்கா இருக்கு?"

"எழுத்து சரிதான் சார். இந்தப் பேருல கிழவி வர்றதுக்கு இன்னும் முப்பது வருஷம் ஆகும்."

சுருக்கென்றது. விடுவேனா? பழைய பெயர்களாகத் தேடித் தூசு தட்டிக் கொடுத்தேன். சாந்தா? "பேர்லயே அடங்கிட்டா." கற்பகம்? "கேட்டதெல்லாம் குடுக்கணும். உங்க ஆளு குடுப்பாளா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க. அடங்காப்பிடாரி. வாயைத் திறந்தா வீடே நடுங்கணும்."

கோலை நகர்த்தாமல், தலையைத் தூக்காமல் சொன்னார்: "பவளம்."

அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. எங்கிருந்து பிடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பதினெட்டு வாரம் பவளம் ஆடாத ஆட்டம் ஆடினாள். பத்தொன்பதாவது வாரம் மாடிப்படியில் உருண்டு உயிரை விட்டாள். அச்சாகி வந்த இதழைப் புரட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தியாயம் முழுக்கப் 'பவழம்'. இருபத்து மூன்று இடத்தில், ஒன்று விடாமல், பெரிய 'ள' போய்ச் சிறப்பு 'ழ' உட்கார்ந்திருந்தது. அகராதியைக் கேட்டால் இரண்டும் சரி என்றுதான் சொல்லும். ஆனால் பதினெட்டு வாரம் ஓர் எழுத்தில் வாழ்ந்தவள் இன்னோர் எழுத்தில் சாவாளா?

தட்டச்சுப் பெண்ணைப் பிடித்து உலுக்கினேன். அவளோ, சுழியக்கா திருத்திய தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். இருபத்து மூன்று மெல்லிய குறிகள். எழுதியவனைக் கேட்காமல் ஒரு கால்புள்ளியைக்கூட நகர்த்தாத மனுஷி.

இதழைச் சுழியக்காவின் மேசையில் போட்டேன். "என்னக்கா இது?"

கண்ணாடியைக் கழற்றினார். "பவளம் எங்க மாமியாரு சார்."

"அப்படி ஒருத்தர் இருந்தாங்களா?"

"இருக்காங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முப்பத்து நாலு வருடம் ஒரே சமையலறையில் இரண்டு பேரும் மல்லுக்கட்டியவர்கள். "அவங்க பேர அச்சுல ஏத்தி ஊரே திட்டட்டும்னு ஒரு அல்ப ஆசை சார்" என்றார். ஆனால் கிழவி கோபப்படவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்து வாராவாரம் படித்திருக்கிறார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "நான் பத்திரிகையில வர்றேன்" என்று பெருமையடித்திருக்கிறார். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான பிறகு, வியாழக்கிழமை இதழுக்காகத்தான் கண் விழிப்பாராம். மருமகளிடம் சொல்லியும் வைத்துவிட்டார்: "கதையில நான் என்னிக்குப் போறேனோ, அன்னிக்கு இங்கயும் போயிடுவேன்."

"சொன்னா செய்யிற ஆளு சார் அவங்க" என்றார் சுழியக்கா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளைச் சாகடிச்சிருக்கவே மாட்டேனே."

"கதையில கை வைக்க நான் யாரு? எழுத்துல மட்டும்தான் எனக்குப் பாத்தியதை."

இருபது வருடமாக எத்தனை பேரைப் படியில் உருட்டியிருப்பேன், கிணற்றில் தள்ளியிருப்பேன். ஒருநாளும் உறுத்தியதில்லை. அன்றைக்கு என் வலது கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"படிச்சாங்களா?" என்றேன், மெதுவாக.

"படிச்சாங்க. அந்த ஒத்த எழுத்து மேல பூதக்கண்ணாடிய வெச்சது வெச்சபடி இருந்தாங்க. அப்புறம், 'எவடி இவ, சிறப்பு ழ? நான் பெரிய ள ஆச்சே'ன்னாங்க. 'அது வேற யாரோ அத்தை'ன்னேன். 'அதானே, நானாவது, படியில உருளுறதாவது'ன்னாங்க."

சிரிக்கப் போன சுழியக்கா சிரிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் கழிச்சு, 'அப்ப நான் எங்கடி போனேன்?'னு கேட்டாங்க சார்."

அடுத்த வாரம் சாவு வீட்டு அத்தியாயம். சுழியக்காவுக்கு வேலை வைக்கக் கூடாதென்று நானே பார்த்துப் பார்த்துப் 'பவழம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் திருத்தும்போது பக்கத்திலேயே நின்றேன். கோல் வரி வரியாக இறங்கியது. கடைசித் தாளில், நடுவில், நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். பாழாய்ப்போன பழக்கதோஷம். 'பவளத்தின் முகத்தைத் துணியால் மூடினார்கள்' என்று இருந்தது. சிறப்பு 'ழ' இல்லை, அவர் மாமியாரின் பெரிய 'ள'.

"மன்னிச்சுக்கங்கக்கா, கை தவறிடுச்சு" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. பென்சிலை எடுத்து அந்த எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார். தாள் கிழிந்தது. இன்னொரு கோடு போட்டார், இன்னொன்று. முனை ஒடிந்து மேசைக்கு அடியில் உருண்டது. வெறும் மரக்கட்டையால் அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.